இடது ஓரத்தில் காயும் சோளம்

மாலை ஆறு மணி ஐந்து நிமிடம். பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் பள்ளியில் சிறப்பு வகுப்பு முடிந்து ஆறு மணிக்கு முன்னதாகவே வந்துவிடுவாள். வாசலில் சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்கும், பிறகு "பசிக்குதும்மா" என்ற குரல் கேட்கும். அன்று இரண்டும் கேட்கவில்லை.

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலையை நோக்கிப் போகிற சாலையில் இருக்கிறது. மேற்கே மலை. சூரியன் அதற்குப் பின்னால் இறங்கிவிட்டால் எங்களுக்கு அந்தி என்று ஒன்று கிடையாது. பொங்கல் கழிந்த வாரம் வேறு. நான் பாலை இறக்கி வைத்துவிட்டு, கைப்பேசியை எடுத்துக்கொண்டு சாலைக்கு வந்தேன். அவளிடம் கைப்பேசி இல்லை. யாரைக் கூப்பிடுவது?

அரசாங்கம் கொடுத்த சைக்கிள் அது. அது வந்த நாளிலிருந்து நான் நிம்மதியாக ஒரு மாலையைக் கழித்ததில்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிற வேலை எனக்கு. கட்டுப் போட்ட கையோடும் தையல் போட்ட நெற்றியோடும் வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அதனால் அவளுக்கு நான் சொல்லாத புத்தி கிடையாது. துப்பட்டாவைக் குறுக்கே கட்டி இடுப்பில் முடிச்சுப் போடு, இல்லையென்றால் செயின் தின்றுவிடும். சாப்பாட்டுப் பையை ஹேண்டில்பாரில் மாட்டாதே, கேரியரில் டியூப் கயிறு போட்டுக் கட்டு. கரும்பு டிராக்டருக்குப் பக்கவாட்டில் போகாதே. பின்னாலேயே மெதுவாகப் போ, அதுவும் தள்ளிப் போ. கரும்பு ஒன்று உருவி விழுந்தால் சக்கரத்துக்கு அடியில் உருளை வைத்த மாதிரிதான். நாய் துரத்தினால் மிதிக்காதே, இறங்கி நில். கோயில் பக்கத்து வேகத்தடையில் பெயின்ட் கிடையாது, ஞாபகம் வைத்துக்கொள். பின்னால் பஸ் ஹாரன் அடித்தால் திரும்பிப் பார்க்காதே. தலை திரும்பினால் ஹேண்டில்பாரும் திரும்பும். மட்கார்டில் ஒளிரும் சிவப்பு ஸ்டிக்கரை நானே ஒட்டினேன். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று சொல்வேன். இடது ஓரம். என்ன ஆனாலும் இடது ஓரம்.

"தெரியும்மா, தெரியும்மா, நீ ஒரு டிராபிக் போலீஸ்மா" என்பாள்.

சாலையில் கொஞ்ச தூரம் போவதற்குள் அவளோடு படிக்கும் பக்கத்துத் தெருப் பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக எதிரே வந்தாள். என்னைக் கண்டதும் அழுதாள்.

"அத்தே, அவ வளைவுல வுழுந்துட்டா. பெரியம்மாலாம் அங்கதான் கீறாங்க. நான் உங்களத்தான் கூப்புட வந்துகினு இருந்தேன்."

நான் ஓடினேன். கடைசியாக எப்போது ஓடினேன் என்று நினைவில்லை. செருப்பு ஒன்று கழன்று போனது பிறகுதான் தெரிந்தது.

வளைவில், சாலையின் இடது பாதி முழுவதும் மக்காச்சோளம். உதிர்த்த மணிகளைத் தார் மேல் பரப்பி, வண்டி ஏறாமல் இருக்க நடுக்கோட்டில் வரிசையாகக் கல் வைத்திருந்தார்கள். அறுவடைக் காலத்தில் எங்கள் பக்கத்துச் சாலைகள் எல்லாமே இப்படித்தான். புதிதாக வருகிறவர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பார்கள். மஞ்சள் கம்பளம் என்பார்கள். அந்தக் கம்பளத்தின் ஓரத்தில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். வாயிலிருந்து ரத்தம் சீருடையில் வடிந்தபடி இருந்தது. இடது கை அவளுடையது இல்லாததுபோல் தொங்கியது. சுற்றிலும் சோளம் அள்ள வந்த கூலிப் பெண்கள், பால் வண்டிக்காரர், இன்னும் யார் யாரோ. அந்தக் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்:

"ஏய், சோளத்து மேல ஏறாதீங்க! ஓரமா நின்னு பாருங்க! மிதிச்சி நாசம் பண்ணாதீங்க!"

அது என் ஓரகத்தியின் குரல். என் கணவரின் அண்ணன் மனைவி. சோளம் அவர்களுடையது. அதாவது, என் மகள் விழுந்தது அவளுடைய சொந்தப் பெரியப்பாவின் சோளத்தில். கையில் சோளம் தள்ளும் பலகையோடு நின்றவள் என்னைப் பார்த்ததும் குரலை இறக்கினாள். "ஒண்ணும் ஆவல, பயப்படாத. பல்லு மட்டும்தான்."

பல்லு மட்டும்தான்! நான் அவளைத் தள்ளிவிட்டுப் போய்ச் சோளத்தின் மேலேயே மண்டியிட்டேன். என் மகள் என் முகத்தைப் பார்த்தாள். உடைந்த இரண்டு முன்பற்களுக்கு நடுவிலிருந்து அவள் கேட்ட முதல் கேள்வி இது:

"சைக்கிள் ஒடஞ்சிடுச்சாம்மா?"

நடந்தது இதுதான். சாலையில் பாதியைச் சோளம் எடுத்துக்கொண்டதால், எதிரே வந்த மினி பஸ்ஸும் இவளும் மீதிப் பாதியில் சந்தித்தார்கள். பஸ் ஒதுங்கவில்லை. இவள் ஒதுங்கினாள். அம்மா சொன்ன இடது ஓரத்துக்கு ஒதுங்கினாள். கல்லுக்கு இடையில் புகுந்து சோளத்தின் மேல் ஏறி, பயந்து பிரேக் பிடித்தாள். காய்ந்த சோளமணி, கீழே வழவழப்பான தார். சைக்கிள் கடைத் தரையில் கொட்டிக் கிடக்கும் பால்ரஸ் குண்டுகள் மேல் நிற்பதும் அதுவும் ஒன்றுதான். முன்சக்கரம் பிடுங்கிக்கொண்டு போக, வாய் ஹேண்டில்பாரிலும் தோள் ஒரு கல்லிலும் மோதின. அந்தக் கல் எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு பக்கம் சுண்ணாம்பு பூசிய, உடைந்த எல்லைக்கல்.

பால் வண்டிக்காரர்தான் கேன்களை இறக்கி வைத்துவிட்டு எங்களைக் கள்ளக்குறிச்சி மருத்துவமனைக்கு ஏற்றிப் போனார். நல்ல மனிதர். அந்த நல்ல மனிதரும் வழியில் சொன்னார்:

"பாப்பா பிரேக்கு புடிச்சிருக்கக் கூடாதுங்கக்கா. சோளத்து மேல ஏறிட்டா பிரேக்கத் தொடவே கூடாது. அப்பிடியே உட்டுடணும்."

பணியிலிருந்த மருத்துவர் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தலையைத் தூக்காமலே கேட்டார்.

"சோளமா, கல்லா?"

"ரெண்டும்" என்றேன்.

அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. காறை எலும்பு முறிந்திருந்தது. கையைத் தூளியில் கட்டி அனுப்பினார்கள்.

மறுநாளிலிருந்து வீட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பிரெட்டும் ஆரஞ்சும் கொண்டுவந்தார்கள். கூடவே ஆளுக்கொரு தீர்ப்பையும் கொண்டுவந்தார்கள். "ஸ்பீடா வந்திருப்பா." "பொட்டப் புள்ளைக்கு அவ்ளோ தூரம் சைக்கிளு எதுக்கு?" "புதுச் சைக்கிளுக்குத் திருஷ்டி கழிச்சீங்களா?" "சோளத்து மேல பிரேக்கு புடிப்பாங்களா யாராச்சும்?" இந்தக் கடைசிக் கேள்வியை எத்தனை வாயால் கேட்டேன்! எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குச் சோளத்தின் மேல் சைக்கிள் ஓட்டுவது எப்படி என்று சொல்லித்தர எல்லோரும் இருக்கிறார்கள். சாலையில் சோளம் கொட்டாதே என்று பெரியவர்களுக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. சைக்கிள் மேல் பழி, பெண் மேல் பழி, பிரேக் மேல் பழி. நாமக்கல்லில் எந்தக் கோழியோ தின்னப்போகிற சோளத்தின் மேல் மட்டும் ஒரு சொல் விழவில்லை.

என் கணவர் போர்வெல் வண்டியோடு ஆந்திராவில் இருந்தார். கைப்பேசியில் முதலில் அழுதார். பிறகு, "அண்ணன்கிட்ட வம்பு வச்சிக்காத. வேணும்னா செஞ்சாரு?" என்றார். கடைசியில், "அந்தச் சைக்கிள யாருக்காச்சும் குடுத்துடு. ஸ்பெஷல் கிளாஸும் வேணாம்" என்றார்.

சிறப்பு வகுப்பு வேண்டாமாம். சாயங்காலம் பள்ளி விட்டதும் ஒரு பஸ் இருக்கிறது. அதை விட்டால் இருட்டிய பிறகுதான் அடுத்தது. சைக்கிள் இல்லையென்றால் அவள் எல்லோரும் படிக்க உட்காரும் நேரத்தில் மூட்டை கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓட வேண்டும். பொதுத்தேர்வு முன்னால் நிற்கிறது. கணக்கில் அவள் எப்படி என்று ஊருக்கே தெரியும். பயம் எனக்கு இல்லையா? அவள் சைக்கிளில் ஏறிப் போனால் திரும்பி வரும்வரை கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இப்போதும். ஆனால் சோளம் சாலையில் இருக்க வேண்டும் என்பதற்காக என் பெண் வீட்டில் இருக்க வேண்டும் என்றால், அதை என்னால் விழுங்க முடியவில்லை.

என் மூத்தார், அதாவது கணவரின் அண்ணன், மூன்றாவது நாள் வந்தார். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பங்களில் தம்பி மனைவியும் மூத்தாரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ள மாட்டார்கள். நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் அவர் எதிரில் உட்கார்ந்ததில்லை. சொல்ல வேண்டியதைப் பிள்ளைகளை வைத்துச் சொல்வோம். அன்று அவர் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் சமையலறைக் கதவருகே நின்றேன். நடுவில் கட்டிலில் தூளியோடு என் மகள்.

"பாப்பா, பல்லு கட்டறத பெரியப்பா பாத்துக்கறன்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

"பல்ல அப்புறம் பாக்கலாம், ஊர்க் களத்துல நிக்கிற டிரெய்லரை எடுக்கச் சொல்லு" என்றேன் மகளிடம்.

ஊர்க் களம் என்பது பஞ்சாயத்து போட்டுக் கொடுத்த சிமென்ட் தளம். ஊர்த் தானியம் முழுவதையும் அதில் காயவைக்கலாம். ஆனால் அதில் பாதியில் மூத்தாரின் டிரெய்லர் நிற்கிறது. மீதியில் ஒருவர் வைக்கோல், இன்னொருவர் பந்தல் கம்பு.

"களத்துல கீறதுலாம் என் சாமானாம்மா? ஊர்ல அத்தினி பேரும் ரோட்டுலதான் காயப்போடறான். தார் ரோட்டுல ரெண்டு வெயில்ல காயும். களத்துல நாலு வெயில் ஆவும். மண்டில மிஷின வச்சிப் பாத்து, ஈரம் ஜாஸ்தின்னு திருப்பி அனுப்பறான். இதெல்லாம் உங்கம்மாவுக்கு எங்க தெரியப்போவுது, ஏசி ரூம்ல உக்காந்துகினு பில்லு போடறவங்க."

"எங்க கடையில ஃபேன்தான்னு சொல்லு" என்றேன்.

"டிரெய்லர எடுத்து நான் எங்க நிறுத்தறதாம்?"

"சோளம் ரோட்டுல இருக்கலாம்னா டிரெய்லரும் ரோட்டுல இருக்கட்டும்னு சொல்லு."

என் மகள் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். உடைந்த பல்லில் காற்றுப் போக, "ரெண்டு பேருக்கும் காது கேக்குதுல்ல?" என்றாள்.

அவர் எழுந்தார். போகிற போக்கில் வாசலில் நின்ற சைக்கிளின் மணியை ஒருமுறை அடித்துப் பார்த்தார். "இத ஓரங்கட்டச் சொல்லு பாப்பா. அதான் நல்லது."

அவர் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. நானும் விவசாயி வீட்டுப் பெண்தான். ஈரச் சோளத்தை வைத்துக்கொண்டு முழிக்கிறவர்களின் பாடு எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் ஒரு துளி குறையவில்லை. சோளத்தையாவது சாயங்காலம் அள்ளிவிடுகிறார்கள். கல்? நாளைக்கும் வேண்டுமே என்று கல்லை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். இருட்டில், விளக்கில்லாத வளைவில், நடுச்சாலையில் வரிசையாகக் கல். சைக்கிளில் ஹெட்லைட்டா இருக்கிறது? அதை ஓரத்தில் உருட்டிவிட எவ்வளவு நேரம் ஆகும்?

அந்த வாரத்திலிருந்து வேலை முடிந்ததும் வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டு, இருட்டிய பிறகு வரும் பஸ்ஸில் வந்து வளைவில் இறங்கிக்கொண்டேன். கைப்பேசி வெளிச்சத்தில் கல்லையெல்லாம் ஓடைக்குள் உருட்டிவிட்டு நடந்து வீட்டுக்குப் போவேன். பால் வண்டிக்காரர் ஒருநாள் வேகத்தைக் குறைத்துக் கேட்டார்.

"இன்னாக்கா, ரோடு கான்ட்ராக்ட்டு எடுத்துட்டீங்களா?"

"ஆமா. உன் வண்டியையும் உருட்டிவுட்டுடப் போறேன், கெளம்பு."

மறுநாள் கல்லெல்லாம் மறுபடி ஏறி வந்துவிடும். அந்தச் சுண்ணாம்புக் கல்லை மட்டும் நான் விடவில்லை. வயர் கூடையில் போட்டு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து துவைக்கும் இடத்தில் வைத்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அது என் கண்ணெதிரில் இருக்கட்டும் என்று தோன்றியது. இரண்டு நாள் கழித்து ஓரகத்தி வந்தாள். மகளுக்கு முருங்கைக்கீரை கொண்டுவந்தாள். பின்பக்கம் கை கழுவப் போனவள் அங்கிருந்தே கத்தினாள்.

"அடியே, அந்த வெள்ளக் கல்லு இங்கயா கீது? எங்கெல்லாம் தேடறது! குடு, தார்ப்பாய் பறக்குது, மேல வைக்கணும்."

"அந்தக் கல்லுதான் உம் மவ தோள ஒடச்சிது" என்றேன்.

அவள் கல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "கல்லு இன்னா பண்ணும்?" என்றாள். அவள் கெட்டவள் இல்லை. என் மகளைத் தூக்கி வளர்த்தவள். அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை. கல்லைக் கொடுக்கவில்லை. கீரையை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

தூளியை அவிழ்த்தபோது, பையைத் தோளில் மாட்டாமல் மெதுவாக சைக்கிள் ஓட்டலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதைக் கேட்க நான் விரும்பினேனா என்று தெரியவில்லை. மகள் விரும்பினாள். அப்பா கைப்பேசியில் வேண்டாம் என்றார். இவள் அவரிடம் எதிர்த்துப் பேசவில்லை; பேசி முடித்துவிட்டு, சைக்கிளைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போய், வளைந்த முன்பக்கத்தை நிமிர்த்தி, காற்றடித்துக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"அம்மா, நான் ஓட்டத் தெரியாம வுழல. நீ சொன்ன பக்கம்தான் வந்தேன். அந்தப் பக்கத்துல ரோடு இல்ல, அவ்ளோதான்."

அந்த வார்த்தை என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. அந்தப் பக்கத்தில் சாலை இல்லை. இருக்க வேண்டும் அல்லவா?

அவள் மறுபடி ஓட்டிய முதல் நாள், நான் கடையில் சீக்கிரம் கிளம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து வாசல் பெருக்கும் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வளைவுக்கு நடந்தேன். மானாவாரிச் சோளம் முடிந்து கிணற்றுப் பாசனச் சோளம் வந்திருந்தது. அதே வளைவு, அதே இடது பாதி. கல் மட்டும் புதிது. கூலிப் பெண்கள் ஓரத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு முனையில் ஆரம்பித்தேன். தாரின் இடது விளிம்பிலிருந்து, ஒரு சைக்கிள் போகிற அகலத்துக்குச் சோளத்தை உள்பக்கமாகத் தள்ளிப் பெருக்கினேன். கோபத்தில் மொத்தத்தையும் ஓடையில் தள்ளிவிடலாம் என்றுதான் வந்தேன். கை வரவில்லை. ஒரு மணிகூட மண்ணில் விழாமல் பெருக்கினேன், அதற்கும் என் மேலேயே எனக்குக் கோபம்.

"இன்னாடி பண்ற?" ஓரகத்தி ஓடி வந்தாள். "கூட்டிக் குமிச்சா எப்பிடிக் காயும்? உனக்கு இன்னா பேய் புடிச்சிதா?"

"எம் மவ வருவா. அவளுக்கு வழி வேணும்."

"அந்தாண்ட இத்தினி ரோடு கீது, அதுல வரட்டுமே!"

"அதுல பஸ்ஸு வரும். நீ நின்னு பஸ்ஸ நிறுத்துவியா?"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி, "பெரிய வூட்டுச் சண்ட, நமக்கெதுக்கு" என்று சொல்லிவிட்டு, சிரிப்பை மறைக்கத் துண்டை வாயில் வைத்துக்கொண்டாள். ஓரகத்தி கைப்பேசியை எடுத்தாள். "நீங்க வாங்க. ஒடனே வாங்க. உங்க தம்பி பொண்டாட்டி ரோட்டப் பெருக்கிகினு நிக்கிறா" என்று மூத்தாரிடம் சொன்னாள். நான் பெருக்கிக்கொண்டே இருந்தேன். தோள்பட்டை விண்ணென்று வலித்தது. வளைவு முடிகிற இடத்தில் கிடந்த கல்லையும் காலால் தள்ளிவிட்டு நிமிர்ந்தேன். சூரியன் மலையைத் தொட்டிருந்தது.

மணிச் சத்தம் கேட்டது. முதலில் பக்கத்துத் தெருப் பெண். அவளுக்குப் பின்னால், இடைவெளி விட்டு, என் மகள். பை கேரியரில் கட்டியிருந்தது. துப்பட்டா இடுப்பில். எதிரே ஒரு கரும்பு டிராக்டர், பாட்டுச் சத்தத்தோடு, சாலையின் மீதிப் பாதியை அடைத்துக்கொண்டு வந்தது. என் மகள் நான் பெருக்கிய தடத்தில் நுழைந்தாள். விரல் பிரேக்கின் மேல் இருந்தது, பிடிக்கவில்லை. வெறும் தார்மேல் சக்கரம் சரசரவென்று வந்தது. டிராக்டர் சோளத்துக்கு அந்தப் பக்கமாகப் போயிற்று. அவள் என்னைக் கடந்து போனாள். என் பக்கம் திரும்பவே இல்லை. ஓட்டும்போது திரும்பிப் பார்க்காதே என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

அவள் ஊருக்குள் திரும்பும்வரை, மட்கார்டில் இருந்த சிவப்பு ஸ்டிக்கரைப் பார்த்தபடி நின்றேன். ஓரகத்தியும் பார்த்தாள் என்று நினைக்கிறேன். அவள் திட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் மூத்தார் வந்தார். கால்வைக்கும் இடத்தில் ஒரு மூட்டையைக் குறுக்கே போட்டுக்கொண்டு, தன் பழைய மொபெட்டில், மகள் வந்த அதே பக்கத்திலிருந்து வந்தார். டிராக்டருக்குப் பின்னால் இன்னொரு டிராக்டர் வந்ததால் அவருக்கு வேறு வழியில்லை. நான் பெருக்கிய தடத்திலேயே ஏறி வந்தார். மூட்டை இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் சோளக் குவியலை உரசி உதிர்த்துக்கொண்டே வந்தது. என் முன்னால் வந்து காலை ஊன்றி நிறுத்தினார். நான் வழக்கம்போல் ஒதுங்கவில்லை. விளக்குமாறும் கையில்தான் இருந்தது.

அவர் தடத்தின் இந்த முனையைப் பார்த்தார், அந்த முனையைப் பார்த்தார். சுற்றிப் பார்த்தார். நடுவில் வைத்துப் பேச என் மகள் அங்கே இல்லை. பிறகு என் முகத்தைப் பார்த்தே சொன்னார்:

"ஏம்மா, பெருக்கறதுதான் பெருக்கன, இன்னும் ஒரு மொழம் சேத்துப் பெருக்கனா இன்னா? மூட்ட இடிக்குது பாரு."